ஒன்பது மீட்டர் ஏரி

ஏரி ஒன்பது மீட்டர் பின்வாங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே காலுக்கும் பத்தரைக்கும் நடுவில். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரையும் பெண், கரைக்கோட்டை ரப்பரால் அழித்துத் தள்ளி வரைய எடுத்துக்கொண்ட நேரம் அதுதான். இருபத்திரண்டு வருட வேலையில் ஒரு கோடுகூடக் கோணியதில்லை என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு நேர்கோடு என்றே பெயர். அன்று கோணியது தங்கைக்காக. தங்கையும் அவள் கணவனின் அண்ணன் குடும்பமும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், பதினோரு வருடமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். மனையை இரண்டாகப் பிரித்தால் தனி வாசல் வைக்கலாம். ஆனால் ஏரியிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் வரும் மனையைப் பிரிக்கக் கூடாது என்பது விதி. தங்கையின் மனை நாற்பத்தோராவது மீட்டரிலேயே தொடங்கிவிட்டது.

"ஒம்பது மீட்டர்தானேக்கா. ரப்பர் உன் கைலதானே இருக்கு," என்றாள் தங்கை.

காகிதத்தில் ஒரு பொய், அவ்வளவுதான் என்று அக்கா நினைத்தாள். அளவையர் நாடாவோடு போய் மூன்று முறை அளந்தார். சரியாக ஐம்பது. முன்பு தண்ணீர் நின்ற இடத்தில் சேறு காய்ந்துகொண்டிருந்தது. "படம் சரியாத்தான் இருக்கு. இத்தனை நாளா ஏரிதான் தப்பா இருந்திருக்கு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். தங்கை தனி வாசல் வைத்து, கதவுக்குப் பச்சை அடித்து, முதல் வாரம் முழுக்கக் காரணமே இல்லாமல் அதைத் திறந்து திறந்து மூடினாள்.

அழித்த தண்ணீர் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. அது அக்காவின் வீட்டில் இருந்தது. அதே செவ்வாய் மாலை அவள் வீடு திரும்பியபோது கூடத்தில் கணுக்கால் ஆழம், அடியில் பாசி. மூன்று நாள் வாளி வாளியாக இறைத்தும் மட்டம் இறங்கவில்லை. குழாய்க்காரர் விரலை நனைத்து முகர்ந்து பார்த்தார். "குழாய்ல ஒண்ணும் இல்லம்மா. இது ஏரித் தண்ணி," என்று பையை மூடினார். உப்பைத் தின்றவள் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும். அவள் கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்தாள். இரண்டாம் வருடம் அலமாரிக்குப் பக்கத்தில் அல்லி பூத்தது. மூன்றாம் வருடம் ஒரு கொக்கு வந்து சமையலறையில் தங்கியது.

நான்காம் வருடம் பக்கத்து வீட்டுத் தையல்காரர் தன் மனையை இரண்டு மகள்களுக்கும் பிரித்துக் கொடுக்க விண்ணப்பித்தார். கோப்பு நேர்கோட்டின் மேசைக்கே வந்தது. அவள் வீட்டுக்கும் அவர் மனைக்கும் நடுவில் பன்னிரண்டு மீட்டர்தான்; அவள் வீடு ஏரி என்றால் அந்த மனையைப் பிரிக்க முடியாது. தன் வீட்டை அழித்துக் காய்ந்த தரையாக மறுபடி வரைந்தால் தண்ணீர் எழுந்து போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அடுத்து யார் வீட்டில் போய் உட்காரும் என்பது தெரியாது. ரப்பரை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கடைசியில் நீலப் பென்சிலை எடுத்துத் தன் வீட்டை ஏரி என்று வரைந்தாள்.

"உன் வீடு ஏரின்னு எவன் சொன்னான்?" என்று, விண்ணப்பம் திரும்பி வந்த அன்றே தையல்காரர் வாசலில் வந்து நின்றார்.

"நான்தாண்ணே வரைஞ்சேன். உள்ள வந்து பாருங்க."

ஒரு வருடம் அவர் பேசவில்லை. பிறகு தூண்டிலோடு வந்தார்.

தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள், கட்டிலில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொள்கிறாள். "இதையும் அழிச்சு விட்டுடேன்க்கா," என்று ஒருமுறை அழுதாள்.

"எங்க விட? உன் வீட்லயா?" என்றாள் அக்கா. அதன்பின் அந்தப் பேச்சு வரவில்லை.

இப்போது வரைபடத்தில் இரண்டு ஏரிகள். சின்னதில் ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் குறித்திருக்கிறது. தங்கை செருப்பைக் கழற்றி விடும் இடத்தில் அதன் கரைக்கோடு ஓடுகிறது. அது நேராக இருக்கிறது.