பிறை தெரியும் பக்கம்

எங்கள் நற்பிட்டிமுனையில் கடல் கிழக்கே கிடக்கிறது. பிறை மேற்கே வயல் பக்கம்தான் தெரியும். ஆகவே பெருநாள் பிறை பார்க்கிற கூட்டம் கடற்கரைக்குப் போகாது, வயலோர மதகடிக்குத்தான் வரும். முன்பெல்லாம் அங்கே முதலில் கத்துகிற ஆள் என் புருஷனின் தம்பி றிபாத். என் மகள் ஸம்றாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "அந்தா, மருத மரத்துக்கு மேல! நகம் வெட்டிப் போட்ட மாதிரி!" என்பார்.

"ஆர்ட நகம் சாச்சா?" என்பாள் அவள். பெருநாள் முழுக்க எல்லோருடைய விரலையும் பிடித்துப் பார்த்துக்கொண்டு திரிவாள்.

தொண்ணூறாம் ஆண்டு, சண்டைக் காலத்தில், வயலுக்கு வேளாண்மை வெட்டப் போன றிபாத்தை, அந்த மருத மரத்தடிப் பற்றைக்குள் ஒளிந்திருந்து சுட்டுப்போட்டார்கள்.

அதற்குப் பிறகு என் புருஷன் மீராமுகைதீன் வானத்தை அண்ணாந்து பார்த்து நான் காணவில்லை. அவர் கண் எப்போதும் பற்றை உயரத்திலேயே நிற்கும். எங்கள் வேலியோரத்து எருக்கலைப் பற்றையைக்கூட வெட்டி எறிந்துவிட்டார். பிறையைப் பற்றிக் கேட்டால், "றேடியோவுல சொல்லுவாங்க" என்பார். எனக்கும் எதுவும் புதினமாக இல்லாமல் போயிருந்தது. குயில் கூவினால் எரிச்சல்தான் வரும். வீட்டில் ஸம்றாவிடம் மட்டும் அந்த வியப்பு மிச்சமிருந்தது. அதையும் பறிகொடுக்க மாட்டேன் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

இரண்டு வருஷம் கழித்து, நோன்பு முடிகிற நாளில் அவள் கேட்டாள். "வாப்பா, பிறை பாக்கச் சொர்க்கத்துலருந்து சாச்சாவும் வருவாரா?"

அவர் எழும்பி வெளியே போகப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இஞ்ச பாருங்க, உங்கட பயத்த நீங்க வெச்சிக்கங்க. புள்ளைக்கு வானத்தையாவது உடுங்க."

"வாய மூடு, றபீக்கா."

"நான் வாய மூடினா பிறை வீட்டுக்குள்ள வந்திருமோ?"

நோன்பு திறந்த கையோடு மூன்று பேரும் போனோம். மதகடியில் நல்ல சனம். ஸம்றா வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து நின்றாள். "அந்தா!" என்று அவள் கையைத் தூக்கவும் மரத்தடியில் பற்றை அசையவும் சரியாக இருந்தது. அவர் பிள்ளையை இழுத்துச் சேற்றில் குப்புறப் போட்டு, அவள் மேல் விழுந்து மூடிக்கொண்டார்.

பற்றைக்குள்ளிருந்து ஓர் எருமைக் கன்று வெளியே வந்தது. சனம் சிரித்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நானும் சொல்லிவிட்டேன். அவர் பிள்ளையை விட்டு எழும்பியும் கண்ணைப் பற்றையிலிருந்து எடுக்கவில்லை. ஸம்றா சேறு அப்பிய முகத்தோடு எழும்பியபோது பிறையை முகில் மூடியிருந்தது.

கிணற்றடியில் நான் அவள் முகத்தைக் கழுவிவிடும்போது கேட்டாள்.

"உம்மா, சுட்ட நேரம் சாச்சா மேல பாத்துக்கொண்டா நிண்டாரு?"

"தெரியா மகள்" என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. அதன் பிறகு அவள் கேள்விகள் குறைந்துகொண்டே வந்தன. வளர்கிறாள் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் நான் ஒன்றும் சொல்லாமலே அவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "வாங்க, பிறை பாத்திட்டு வருவம்" என்றார். பிள்ளையைச் சேற்றில் தள்ளியது அவர் மனதை அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஸம்றா மறுபேச்சில்லாமல் செருப்பைப் போட்டாள்.

மதகடியில் அவர் கொஞ்சம் கொஞ்சமாக முகத்தை உயர்த்தினார். கழுத்து வலிக்கிற மனிதரைப் போல இருந்தது அவரைப் பார்க்க. திடீரென்று, "அல்லாஹு அக்பர்! அந்தா, மருத மரத்துக்கு மேல! நகம், ஸம்றா, நகம்!" என்று கத்தினார். அச்சொட்டாக றிபாத்தின் குரல். இவருக்கு வானம் திரும்பக் கிடைத்துவிட்டது என்று சந்தோஷத்தில் கண் கலங்கியது. அந்தச் சந்தோஷத்தோடு மகளைத் திரும்பிப் பார்த்தேன்.

எல்லோர் கண்ணும் மரத்துக்கு மேலே இருந்தது. அவள் கண் மரத்தடிப் பற்றையில் இருந்தது. வாப்பா கட்டியிருந்த சாரத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இமை கொட்டாமல் நின்றாள்.

"மேல பாருங்க மகள், மறையப் போகுது" என்றார் அவர்.

"நீங்க பாருங்க வாப்பா" என்றாள் அவள், முகத்தைத் திருப்பாமல். "நான் பத்தையப் பாத்துக்கொள்ளுறன்."