நான்காவது கேள்வி

ஆஸ்பத்திரிகளைச் சுத்தம் செய்துகொடுக்கும் கம்பெனியில் அவளுக்கு வைத்த பெயர் பக்கெட் அக்கா. இருபது வருஷம் வாளியும் கையுமாகத் தரை துடைத்தவள், இப்போது பேனாவும் கையுமாக, கம்பெனிக்கு வேலை செய்துகொடுக்கும் இடங்களைப் போய்ப் பார்க்கிறாள். அங்கே யாரையாவது அடைத்துவைத்து, மிரட்டி வேலை வாங்குகிறார்களா என்று பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. முதலாளி கூட்டத்தில் பேசிக்கொண்டிருப்பார். இவள் ஜன்னல் வழியாக எங்கேயோ கிளம்பிப் போய்விடுவாள்.

அன்றைக்கு வந்திருந்தது ஒரு சலவைக்கூடத்துக்கு. ஆஸ்பத்திரிகளில் தரை துடைக்கும் துணியெல்லாம் நாளையிலிருந்து இங்கேதான் வெளுக்கப் போகிறது. இவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

உள்ளே காலெடுத்து வைத்ததுமே பாதி மயங்கிவிட்டாள். கூரை வரைக்கும் வெந்நீர் ஆவி. கொடிகளில் வெள்ளைத் துணிகள் மெல்ல அசைய, நடுவே, கடல் தாண்டி வேலைக்கு வந்த பன்னிரண்டு பெண்கள் கால் தெரியாமல் நடந்து போனார்கள். எந்திரங்கள் ஒரே சுருதியில் முனகின. யாரும் பேசவில்லை. மேகத்துக்குள் குடிவந்துவிட்ட மாதிரி இருந்தது. இவ்வளவு அழகான இடத்தில் என்ன கெட்டது நடந்துவிடப் போகிறது என்று நினைத்தாள். அந்த நினைப்புக்காகப் பிறகு வெகுநாள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

மூலையில் எதிரெதிரே இரண்டு ஸ்டூல் போட்டிருந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் சூப்பர்வைசர் சிரித்த முகமாக நின்றார். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அக்கா கையிலிருந்த தாள்களில் பக்கத்துக்கு ஒரு கேள்வி, கொட்டை எழுத்தில். எல்லாரும் அலுங்காமல் நல்ல பதிலே சொன்னார்கள். பக்கெட் அக்காவுக்குக் கண் சொருகியது.

பத்தாவதாக வந்தவள் துணி மடிக்கிறவள். இருபத்திரண்டு வயசு இருக்கும். மடிக்கத் துணி இல்லாத நேரத்திலும் விரல்கள் மடியில் மடித்துக்கொண்டே இருந்தன. மூன்றாவது கேள்வி முடிந்து, அக்கா கனவிலேயே தாளைத் திருப்பினாள். ஆவியில் நனைந்திருந்த இரண்டு தாள்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு புரண்டதை அவள் கவனிக்கவில்லை.

"உடம்பு சரியில்லன்னா யார்கிட்ட சொல்லுவீங்க?"

"என்கிட்டதான் இருக்கு. லாக்கர்ல வச்சுப் பூட்டியிருக்கேன்."

அக்கா தலையாட்டியபடி எழுதப் போனாள். அடுத்த கேள்வி தானாக வாயில் வந்தது.

"லீவு நாள்ல எங்க போவீங்க?"

"சூப்பர்வைசர்கிட்ட சொல்லுவேன். உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவார்."

பேனா நின்றது. கனவு கலைந்தது. எதிரே இருந்தவளுக்கும் அதே நொடியில் உறைத்திருக்க வேண்டும். விரல்கள் மடிப்பதை நிறுத்தின. முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"அக்கா," என்றாள், உதடு அசையாமல். "மாத்திச் சொல்லிட்டேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க. பதினொரு மாசமா கேட்டுக்கு வெளிய போனதில்ல. இது தெரிஞ்சா எங்க கொண்டு போவாங்களோ தெரியாது."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கேள்விகளைப் போன வாரமே சூப்பர்வைசருக்கு அனுப்பிவைத்த புண்ணியவதி அவளேதான். தரை துடைத்த காலத்தில் திடுதிப்பென்று வந்து நிற்கும் அதிகாரிகளைக் கண்டு நடுங்கியிருக்கிறாள். பாவம், இவர்களாவது பயப்படாமல் இருக்கட்டும் என்றுதான் அனுப்பினாள். அதை வைத்து வரிசையாக மனப்பாடம் பண்ண வைத்திருக்கிறார்கள்.

"நீ ஒண்ணும் தப்பா சொல்லலம்மா," என்றாள் மெதுவாக. "சும்மா சிரி. போய்த் துணியை மடி."

மிச்சம் இரண்டு பேரையும் ஒன்றுமே நடக்காதது போலக் கேட்டு முடித்தாள். கழிப்பறைக்குப் போய் ஒரு போன் பேசினாள். பிறகு சூப்பர்வைசரிடம் வந்து அசடு வழிந்தாள்.

"வயசாச்சு பாருங்க. தாள் ஒட்டிக்கிட்டு நாலாவது கேள்வியை ஒருத்தருக்கு விட்டுட்டேன். பாஸ்போர்ட். பரவாயில்ல, லாக்கரைத் திறந்து காட்டிடுங்க, எல்லாருக்கும் ஒரே வேலையா முடிச்சிடலாம்."

"சாவி எங்க வச்சேன்னு..."

"தேடுங்க. எனக்கு அவசரமில்ல."

ஒருவழியாகச் சாவி கிடைத்தது. பன்னிரண்டு லாக்கர்களிலும் சோப்புத்தூள் பாக்கெட்டுகள்தான் இருந்தன.

"பத்திரமா இருக்கட்டும்னு ஆபீஸ்ல வச்சிருக்கோம்," என்றார். சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

"பத்திரமாத்தான் இருக்கும். எடுத்துட்டு வாங்க. தொழிலாளர் ஆபீஸ் அம்மா வண்டியோட வந்துட்டிருக்காங்க. அவங்களும் பார்க்கட்டும்."

ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டாள். முதலாளியின் போன் வந்தது.

"கையெழுத்து போட்டாச்சா?"

"இல்ல சார். பன்னெண்டு பேரோட பாஸ்போர்ட்டும் இவங்க பூட்டி வச்சிருக்காங்க."

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குத் துணி?"

"நம்ம ஆளுங்க கையால வெளுப்பாங்க. நானும் உக்காந்து வெளுக்கிறேன். பக்கெட் இருக்கு."

முதலாளி பெருமூச்சு விட்டார். "சரி. அவங்களைத் தனியா விட்டுட்டு வந்துடாதீங்க."

அதிகாரி வந்து பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டார். பெண்கள் தங்க இடம் ஏற்பாடாகிவிட்டது என்றார். எந்திரங்களை நிறுத்தினார்கள். முனகல் அடங்கி ஆவி கலைந்தபோது, கூடம் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. சுவரெல்லாம் பூஞ்சை. ஜன்னலே இல்லை.

துணி மடிக்கிறவள் கையைப் பாவாடையில் இரண்டு தரம் துடைத்துவிட்டுப் பாஸ்போர்ட்டை வாங்கினாள். அதிலிருந்த தன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா ஒட்டிய தாளை நகத்தால் பிரித்தாள்.

"பாஸ்போர்ட் எங்கம்மா இருக்கு?"

"என்கிட்டதான் இருக்கு."

இந்தத் தடவை அவளுக்குக் குரல் உடைந்தது. அக்காவுக்கும் கண் நிறைந்துவிட்டது. அடுத்த தாளை விட்டுவிட்டு அதற்கடுத்ததைப் பிரித்தாள்.

"லீவு நாள்ல எங்க போவ?"

மனப்பாடம் பண்ணி வைத்த பதில் அவளிடம் தயாராக இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. திறந்து கிடந்த கேட்டையும், அதற்கப்பால் வெயில் விழுந்த தெருவையும் பார்த்தாள்.

"தெரியலக்கா. யோசிச்சுச் சொல்லட்டுமா?"

பக்கெட் அக்கா அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.