எலுவன்குளத்துக்கு ஒரு பந்து போடுறவர் தேவை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் வாசகரே, இது கதையாகப் பிறக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர் குளத்தடி எல்லே கழகத்துக்கு இந்த வருசம் இருபது வயது. அதற்கு மலர் ஒன்று போடுகிறார்கள். கழகத் தலைவர் ஜப்பார் என்னைக் கூப்பிட்டு, போட்டிக்காலம் முடிந்த பிறகு அணிக்கு யார் வந்தது, யார் போனது என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார். சுருக்கமாக, என்று வேறு சொன்னார். தலைவருக்கு முடியாது என்று சொல்லலாம். ஆனால் தலைவர் என் வாப்பா.

நான் ஸுல்பிகா. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிற டீச்சர், கழகத்தின் செயலாளரும் நான்தான். வயது முப்பத்தாறு. (வயதை ஏன் முதல் பக்கத்திலேயே சொல்கிறாள் என்று யோசிக்காதீர்கள். கதைக்குத் தேவைப்படும்.) இன்னும் கல்யாணம் முடிக்கவில்லை. (அதுவும்தான்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"வில்பத்துக் காட்டோரத்தில் எழில் கொஞ்சும் எலுவன்குளத்தில்..."

என் பிள்ளைகள் இப்படி எழுதினால் சிவப்பு மையால் கோடு கீறுவேன். எனக்கும் கீறினேன். அடுத்தது:

"இவ்வருட வீரர் மாற்றங்கள்: உள்வந்தவர் ஒருவர். வெளிச்சென்றவர் இருவர்."

இது சரிதான். இதோடு நிறுத்தியிருந்தால் வாப்பாவும் சந்தோசம், அச்சகக்காரனும் சந்தோசம். ஆனால் அந்த உள்வந்தவர் எப்படி வந்தார் என்று ஒரு வரி சேர்க்கப் போனேன். அங்கே பிடித்தது வினை.

2

வெளியூர் வாசகருக்காக ஒன்று. பெரிய நாடுகளில் பேஸ்போல் விளையாடுகிறவர்களை ஒரு கழகத்திலிருந்து இன்னொரு கழகம் ஒப்பந்தம் போட்டு எடுக்கும் என்று பேப்பரில் வாசித்திருப்பீர்கள். பேஸ்போலுக்கு எங்கள் எல்லே ஒன்றுவிட்ட சகோதரம். மூங்கில் தடி, டெனிஸ் பந்து, சுற்றி ஓட நாலு கம்பம். ஓடுகிறவன் முதுகில் பந்தால் எறிந்தால் அவுட்.

எங்களுக்கு ஒப்பந்தம் எல்லாம் இல்லை. எங்களுக்கு நிக்காஹ்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்தால் பெண்ணின் ஊருக்குத்தான் விளையாட வேண்டும். இந்த வருசம் எங்களை விட்டு வெளிச்சென்ற இருவரும் அப்படிக் கல்யாணம் முடித்துப் போனவர்கள்தான். இது எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை, மீறினவரும் இல்லை. ஆகவே மாரி மழை தொடங்கி வயலெல்லாம் தண்ணீராகி, போட்டிகள் நின்றதும், எங்கள் நிர்வாகக் குழு கல்யாணத் தரகு பார்க்கத் தொடங்கும். மற்ற ஊரில் மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று விசாரிப்பார்கள். இங்கே முதல் கேள்வி, "அடிப்பானா?"

(கற்பிட்டியில் உள்ள கத்தோலிக்கர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்களுடைய ஆட்கள் கடல் திறந்தால் மீனுக்குப் போய்விடுவார்கள், எத்தனை பேர் மிஞ்சுகிறார்களோ அதுதான் அணி.)

3

போன ஒக்டோபரில் பாலாவி உப்பளக் கழகத்தின் அம்ஜத்தை எங்கள் ஆட்கள் குறிவைத்தார்கள். மூன்று வருசமாக எங்களை அழ வைத்தவன். அவன் அடித்த பந்தைத் தேடி எங்கள் பொடியன்கள் குளத்துக்குள் இறங்கியிருக்கிறார்கள். என் சாச்சாவின் (வாப்பாவின் தம்பி) மகள் நஸ்லாவை அவனுக்குப் பேசினார்கள். நஸ்லாவுக்கும் பிடித்தது, அவனுக்கும் பிடித்தது, இரண்டு கிழமையில் கல்யாணம். வாப்பா வலீமா விருந்தில் மூன்று சஹன் தட்டுச் சாப்பாட்டுக்கு நடுவே நின்று சிரித்த மாதிரி என் டீச்சர் நியமனத்துக்குக்கூடச் சிரிக்கவில்லை.

நவம்பர் தொடக்கத்தில், மழை விட்ட ஒரு பின்னேரம், கற்பிட்டியில் சிநேகிதப் போட்டி. அங்கத்தைய மணலில் தண்ணீர் நிற்காது. அம்ஜத் தடியைத் தூக்கிக்கொண்டு போனான். முதல் பந்து தவறியது. இரண்டாவதும். மூன்றாவது தடியின் நுனியில் பட்டு நேரே ஒருவன் கைக்குள் போய் விழுந்தது. அடுத்த முறையும் அப்படியே. நாங்கள் தோற்றோம்.

வாப்பா, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று நஸ்லாவைக் கோபித்தார். போட்டிக்கு நடுவராக நின்ற அன்ரனிப்பிள்ளைதான் விசிலைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:

"ஜப்பார் நானா, மூணு வருசமா இவனுக்குப் பந்து போட்டது யாரெண்டு ஒரு நாளாவது பாத்தீங்களா?"

இங்கே நான் ஒரு விதியைச் சொல்ல மறந்துவிட்டேன். (மேலே சேர்க்கலாம். சேர்க்கவில்லை. எங்கள் நிர்வாகக் குழுவே மறந்ததை நான் மட்டும் ஒழுங்காகச் சொன்னால் நியாயமில்லை.) எல்லேயில் அடிக்கிறவருக்கு அவருடைய அணி ஆளே பந்து போடலாம். அவர் வாகாகப் போட்டால்தான் இவர் அடிக்கலாம். பாலாவியில் அம்ஜத்துக்குப் போட்டவர் றஸீன். மூன்று வருசமாகப் பந்து போகிற திசையை எல்லாரும் பார்த்தோம். வருகிற திசையை ஒருவரும் பார்க்கவில்லை. நானும்தான்.

4

றஸீன் என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. நாற்பது வயது, உப்பு லொறி ஓடுகிறவர். கூட்டத்தில் நின்றால் கண்ணில் படமாட்டார். கதைக்கு இப்படி ஓர் ஆள் போதுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கொஞ்சம் உயரமாக்கலாமா என்றும் பார்த்தேன். பிறகு வெட்கமாகப் போய் விட்டுவிட்டேன்.

எங்கள் அணிக்கு வரும்படி கழகத்தின் சார்பில் அவருக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். தாயைப் பார்க்க இரண்டு நாளைக்கு ஒருமுறை பாலாவிக்குப் போகிற அம்ஜத் கொண்டுபோய்க் கொடுத்தான். இரண்டு நாளில் பதில் வந்தது:

"கடிதம் கிடைச்சது. எழுத்து நல்ல வடிவு. ஆனா பத்து வரிக்குள்ள ஆறு 'மேலும்' இரிக்கி. வாசிக்க மூச்சு வாங்குது. டீமுக்கு வர மாட்டன்."

எண்ணிப் பார்த்தேன். ஆறுதான். பதினொரு வருசமாகப் பிள்ளைகளுக்குக் கட்டுரை திருத்துகிற எனக்கு இது தேவைதான். வகுப்பில் நின்று தனியே சிரித்தேன், பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்.

இரண்டாவது கடிதத்தில் ஒரு 'மேலும்' இல்லை. அம்ஜத்துக்கு மட்டும் எப்படி அவ்வளவு வாகாகப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். (செயலாளர் கேட்க வேண்டிய கேள்விதான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.) அதற்கு எழுதினார்: "அவன் மூச்ச வெளிய விடுற நேரம் பந்து இடுப்புக்கு வரணும். அவ்வளவுதான். மத்தவங்க தங்கட வசதிக்குப் போடுறாங்க."

மூன்றாவதில், ஏன் எங்கள் ஊருக்கு வர மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டேன். அந்தப் பதிலை அப்படியே தருகிறேன்:

"பதினாறு வயசுல, தொண்ணூறுல, முஸ்லிம்கள எல்லாம் வெளியேத்தின நேரம், என்னட்டயும் ஒரு சொல்லுக் கேக்காம மன்னாரிலிருந்து வெளிய போட்டாங்க. பாலாவியில வந்து விழுந்தம். அதுக்குப் பொறகு எங்க போறதெண்டாலும் நானாத்தான் போற எண்டு வெச்சிரிக்கன். கோவிக்காதீங்க டீச்சர்."

ஒரு லொறிக்காரர் இப்படி எழுதுவாரா என்று கேட்பீர்கள் வாசகரே. கடிதங்கள் என் அலுமாரியில், சாரிகளுக்குக் கீழே இருக்கின்றன. ஏன் கழகக் கோப்பில் இல்லை என்று மட்டும் கேட்காதீர்கள்.

5

இந்தப் பகுதியை எழுத விருப்பமில்லை. எழுதினால் கோபம் வருகிறது. ஆனால் இது இல்லாமல் கதை நொண்டும்.

நவம்பர் மூன்றாம் கிழமை எங்கள் விறாந்தையில் குழு கூடியது. பெயர்ப் பட்டியலை அந்த மாதக் கடைசி வெள்ளிக்குள் மாவட்டச் சங்கத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஒரு வருசத்துக்கு மாற்ற முடியாது. றஸீன் கல்யாணம் முடிக்காதவர், அப்போ வழி தெரிந்ததுதானே, எங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள் என்று ஐந்து பேரும் விரல் மடக்கிக்கொண்டிருந்தார்கள். நான் தேத்தண்ணித் தட்டோடு வந்தேன்.

மடக்கின விரல்கள் பாதியில் நின்றன. ஒருவர் தட்டைப் பார்த்தார். ஒருவர் முகட்டைப் பார்த்தார். வாப்பா இருமினார்.

பன்னிரண்டு வருசமாக எனக்கு வந்த மாப்பிள்ளைகளில் ஒருவரையும் வாப்பா கட்டாயப்படுத்தவில்லை. அதற்காக அவரை எனக்கு எவ்வளவு விருப்பம் என்று அவருக்கே தெரியாது. அந்த மனுசன் அன்று இருமின இருமல் என்னைச் சுட்டுவிட்டது. நான் பட்டியலில் ஒரு வரி. பந்து போடுறவர் ஒருவர் தேவை, அதற்கு டீச்சர் ஒருத்தி கைவசம் உண்டு. இதைவிட மோசம், அந்த ஆளை எனக்குப் பிடித்திருந்தது. இனி அவர் வந்து கேட்டாலும், கேட்பது என்னையா கழகத்தையா என்று எப்படித் தெரியும்?

கடிதம் எழுதுவதை நிறுத்தினேன். குழுவில் இரண்டு பேர் மஸ்கட் இனிப்பு வாங்கிக்கொண்டு பாலாவிக்குப் போய் அவரிடமே பேசிவிட்டு வந்தார்கள் என்று அம்ஜத் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டிருந்தாராம், மஸ்கட்டில் ஒரு துண்டு சாப்பிட்டாராம், யோசித்துச் சொல்கிறேன் என்றாராம்.

6

முடிவுகள். மலருக்கு எது பொருத்தம் என்று பாருங்கள்.

(அ) அவர் சம்மதிக்கிறார், அவளும் சம்மதிக்கிறாள், குளத்தடி கிண்ணம் வெல்கிறது. குழுவுக்கு இது பிடிக்கும். என் கை சிவப்பு மையைத் தேடுகிறது.

(ஆ) அவள் மறுக்கிறாள். தலை நிமிர்ந்து வகுப்பறைக்குள் நடக்கி... (முடிக்கவில்லை. நடந்து போய் என்ன செய்வாள், வரவு இடாப்பு மார்க் பண்ணுவாளா?)

(இ) கடைசி வெள்ளியும் போய், மறு திங்கள் நடந்தது.

இடைவேளை மணி அடித்திருந்தது. பள்ளிக்கூட வாசலில் உப்பு லொறி வந்து நின்றது. பிள்ளைகள் பாதிப் பேர் மதிலில் ஏறிவிட்டார்கள். றஸீன் இறங்கி வந்தார். (உயரமாக்காதது நல்லதாகப் போயிற்று, நேராகக் கண்ணைப் பார்க்கலாம்.) சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கடதாசி ஒன்றை எடுத்துத் தந்தார். பாலாவிக் கழகத்தின் பெயர்ப் பட்டியல், மாவட்டச் சங்கத்தின் முத்திரையோடு. எட்டாவது பெயர் அவருடையது. பக்கத்தில் கையெழுத்து.

"வெள்ளிக்கிழமை வெச்சிட்டன். இனி ஒரு வருசத்துக்கு உங்கட டீமுக்கு நான் உதவ மாட்டன்," என்றார். "அது முடியட்டும் எண்டுதான் நிண்டன். இப்பக் கேக்கிறன் டீச்சர். என்னைக் கல்யாணம் முடிக்க உங்களுக்கு விருப்பமா?"

மீதிப் பாதிப் பிள்ளைகளும் மதிலில் ஏறிவிட்டார்கள்.

எங்கே இருப்பது என்று கேட்டேன். உங்கள் ஊர் வழக்கப்படி உங்கள் வீட்டில்தான், வருவது நானாக வருவது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்றார். போட்டி நாளில் மட்டும் காலையில் வாப்பாவோடு பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, பாலாவிக்குப் போய், வாப்பாவின் அணியை வெல்லத் தன் ஆட்களுக்குப் பந்து போடுவாராம்.

நான் சிரித்தேன். அழுதும் இருப்பேன். ஓம் என்று சொன்னேன். மதில் முழுக்கக் கைதட்டல்.

7

இது முடிவில்லை. முடிவாகாது.

நிக்காஹ் எழுதும்போது என் கையெழுத்து வைக்கிற இடம் ஒன்று கிடையாது. என் வலியாக, அதாவது என் பொறுப்பாளராக, நின்று வாப்பாதான் வைக்க வேண்டும். பதினொரு வருசமாக எழுதப் படிப்பிக்கிறவள் நான், என் கதையின் கடைசி வரியை என்னால் எழுத முடியாது. இந்த முறை அதற்காக நான் சண்டை பிடிக்கவில்லை. என் மாணவிகளின் முறை வரும்போது பிடிப்பேன்.

முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல மூன்று நாளாக முயற்சி செய்தேன். ஒவ்வொரு முறையும் தேத்தண்ணியை வைத்துவிட்டுத் திரும்பினேன். அதனால்தான் எழுதினேன். மலரில் வருகிற எதையும் தலைவர் ஓர் எழுத்து விடாமல் வாசித்த பிறகுதான் அச்சுக்கு விடுவார் என்று எனக்குத் தெரியும்.

முதல் வரியிலிருந்து வாசகரே, வாசகரே என்று நான் கூப்பிட்டது உங்களைத்தான், வாப்பா.

கிண்ணத்துக்கு நான் உதவவில்லை. கெடுத்தும் விட்டேன். அந்த இருமலுக்கு உங்களோடு கோபம் இருந்தது, இப்போது இல்லை. இந்த இரண்டு பக்கத்தை நீங்கள் கிழித்துப் போடலாம், புதிதாக ஒரு பட்டியல் எழுதித் தருகிறேன்: உள்வந்தவர் ஒருவர், வெளிச்சென்றவர் இருவர். அச்சகக்காரன் சந்தோசப்படுவான். இல்லாவிட்டால் உள்வந்தவர் 'ஒருவர்' என்பதை வெட்டி, அணிக்கு ஒருவர், வீட்டுக்கு ஒருவர் என்று நீங்களே திருத்துங்கள். பேனை உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

லொறிச் சத்தம் கேட்டிருப்பீர்கள். அரை மணித்தியாலமாக றஸீன் வாசல் படலைக்கு வெளியே நிற்கிறார், உள்ளே வரச் சொல்ல என்னால் ஏலாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் குசினியில் நிற்கிறேன், தண்ணி கொதிக்கிறது. வாசித்து முடித்ததும் இன்னொரு கோப்பையும் எடுக்கவா என்று மட்டும் சொல்லுங்கள்.