கை நீட்ட ஆளில்லை

எங்கள் யூத சபையில் ஏழைகள் தீர்ந்துபோனது பூரிம் பண்டிகையன்று மத்தியானம்தான் தெரியவந்தது. இப்படி ஒரு தட்டுப்பாடு வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இஸ்ரேலுக்கு முதலில் கிளம்பியவர்கள் ஏழைகள்தான். பிறகு அவர்களுக்குக் கொடுத்துவந்தவர்களும் போனார்கள். அலிபாக் போகும் சாலையில் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் மிச்சமிருந்தது கொஞ்சம் குடும்பங்கள், எல்லாமே கொடுப்பதற்கென்று பிறந்தவை. வாங்குவதற்கு இருந்தது ஒரே ஒரு குடும்பம். அரிசி மில் காவலாளி ஹஸ்கேல் ஜிராட்கர், அவன் மனைவி ஸிபோரா.

பூரிமன்று நம் சபையின் ஏழைகள் இரண்டு பேருக்கு, சூரியன் மறைவதற்குள், ஒவ்வொருவரும் ஏதாவது கொடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகு ஊருக்கே வாரி வழங்கலாம், யார் தடுக்கிறார்கள்? ஆனால் முதல் இரண்டு பேர் நம்மவர்களாக இருக்க வேண்டும். ஹஸ்கேல் ஒன்று, ஸிபோரா இரண்டு. எங்கள் எல்லோருடைய மோட்சத்தையும் அந்தக் குடும்பம்தான் பல வருஷங்களாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. பண்டிகை முடிந்து ஒரு வாரத்துக்கு அவர்கள் வீட்டு ஆடுகூட பூரண் போளிதான் தின்னும்.

எங்கள் முகதம் சாம்சன் சோர்டேகர். சபைத் தலைவர், சிமெண்ட் வியாபாரி. ஜெப ஆலயத்தில் அவர் பெயர் இல்லாத பொருளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் அவர் பெயர் உண்டு. சுற்றும்போது படிக்க முடியாது என்பதால் கரண்ட் போனால் அவர் முகம் மலரும். முற்றத்தில் ஒரு மர நாற்காலி. அதன் முதுகில், ‘வறியோர் அமர, அன்பளிப்பு: சாம்சன் சோர்டேகர்’.

அந்த வருஷம் அவர் விழாவைப் பெரிதாக எடுத்தார். மும்பையில் சமுதாய மலர் ஒன்று அச்சாகிக்கொண்டிருந்தது. அதற்காகப் புகைப்படக்காரன் ஒருவன் வந்திருந்தான். முற்றத்தில் ஃபிளெக்ஸ் பேனர். அதில் முகதம் ஆளுயரத்துக்குச் சிரித்தார். கீழே ஓரத்தில் நீட்டிய கைகள் சில, முகம் இல்லாமல். பெயர் பொறித்த எவர்சில்வர் டப்பாக்கள் மேஜையில் அடுக்கியிருந்தன.

காலையில் எஸ்தரின் கதையை வாசித்து முடித்தோம். அதில் நம்மவர்களை அழிக்கப் பார்த்த ஆமானின் பெயர் வரும்போதெல்லாம் கிலுகிலுப்பையைச் சுழற்றி, காலால் தரையை உதைத்து, காதடைத்துப்போய், தொழுகையெல்லாம் முடித்து மத்தியானம் முற்றத்துக்கு வந்தால், ஹஸ்கேல் நின்றுகொண்டிருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிய இரண்டு பொட்டலங்கள்.

“வாடா ஹஸ்கேல், உக்காரு,” என்று முகதம் நாற்காலியைக் காட்டினார். “எங்க ஸிபோரா? ரெண்டு பேரும் இருந்தாத்தானே கணக்கு சரியாகும்?”

“அவ வரல ஸாஹேப். நானும் உக்கார வரல. ராஜினாமா பண்ண வந்தேன்.”

“மில் வேலையையா? ஏன்டா?”

“மில் வேலைய இல்ல. இந்த வேலைய.” அவன் நாற்காலியைக் காட்டினான்.

ஹஸ்கேலுக்குச் சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது.

“எம் பொண்ணு ரீனாவுக்கு நர்ஸ் வேலை கெடச்சிருச்சு ஸாஹேப். மொதச் சம்பளத்த அவ அம்மா கையில குடுத்தா. கடலப்பருப்பு, வெல்லம், எல்லாம் நாங்களே வாங்குனது. இன்னைக்கு நான் குடுக்கப் போறேன். ரெண்டு பேருக்கு.”

“நீ வருஷா வருஷம் குடுத்தவன்தானே?” என்றார் ஹஸான் ராஹமீம். தொழுகை நடத்தும் மனிதர். சட்டம் ஒன்று எங்கேயாவது இடறினால் அவருக்குத் தூக்கம் வராது. “ஏழையும் குடுத்தே ஆகணும்னு நான் சொல்லியிருக்கேனே.”

“குடுத்தேன் காகா. நான் ஸிபோராவுக்குக் குடுப்பேன், அவ அதையே எனக்குத் திருப்பிக் குடுப்பா. சட்டத்துக்கு ஆச்சு. மனசுக்கு ஆகலயே.”

ஹஸான் தாடியைத் தடவிக்கொண்டார். முகதமுக்கு அப்போதுதான் விஷயத்தின் முழு விபரீதமும் உறைத்தது.

“நல்ல சேதிதான்டா, சந்தோஷம். ஆனா ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா? வேற ஏற்பாடாவது பண்ணியிருப்போம்ல? மும்பையிலேர்ந்து ஆள் வந்திருக்கு. இன்னைக்கு ஒரு பொழுது மட்டும் ஏழையா இருந்துட்டுப் போ. நாளைக்கு நீ டாட்டாவாக்கூட இரு, நான் கேக்க மாட்டேன்.”

“நாளைக்கு நான் குடுத்தா அது பூரிம் ஆகுமா ஸாஹேப்?”

“ரெண்டு டப்பா தர்றேன்.”

“வேணாம்.”

“பாத்தீங்களா?” முகதம் எங்கள் பக்கம் திரும்பினார். “ஏழைக்கு வந்த கிராக்கிய!”

ஹஸ்கேல் அதைக் காதில் வாங்கவில்லை. பொட்டலத்தை நீட்டிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனான். அவன் நெருங்க நெருங்க அந்த முற்றத்தில் இருந்த கைகளெல்லாம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. ஒருவருக்குத் திடீரென்று சர்க்கரை வியாதி. இன்னொருவருக்கு இரண்டு நாளாக வயிறு சரியில்லை. ஹஸ்கேல் கையால் வாங்கினால், ஊரில் அவனுக்கும் கீழே ஒருத்தன் இருப்பதாக ஆகிவிடும் அல்லவா? என் கைகள் எப்போது பின்னால் போயின என்று எனக்கே தெரியவில்லை.

“வண்டிய எடு,” என்றார் முகதம் என்னிடம். “ஹஸ்கேல், நீயும் ஏறு. ஏழைங்க எங்க இருப்பாங்கன்னு உனக்குத்தான் தெரியும்.”

“எனக்கும் ரெண்டு பேர் வேணுமே, வர்றேன்,” என்று ஹஸ்கேல் துள்ளி ஏறினான்.

சாயங்காலம்வரை அலைந்து கடைசியில் போன இடம் எங்கள் சபையைச் சேர்ந்த மில்காபாய் வீடு. தலைமை ஆசிரியராக இருந்து காலமானவரின் மனைவி. கதவைத் திறந்தபோது அவள் பார்த்தது டப்பாவும் கையுமாக முகதமை, அவருக்குப் பின்னால் கேமராவை.

“மில்காபாய், நீங்க கொஞ்சம் கஷ்டப்படறதா...”

“எவ சொன்னா?” அந்தக் குரலுக்குப் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. “பேரச் சொல்லு, நான் போய்க் கேக்கறேன். உள்ள வா சாம்சன், வந்து பாத்துட்டுப் போ. எங்க வீட்டுக்காரர் கோட்டுக்குன்னே ஒரு பீரோ இருக்கு. கண்ணாடி வச்ச பீரோ. இந்தா பாரு ஃபிரிட்ஜு!”

திறந்து காட்டினாள். உள்ளே வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள். மேல் தட்டில் பாதி எலுமிச்சை. அவ்வளவுதான். சட்டென்று மூடிவிட்டாள். முகதம் அப்போது பீரோக் கண்ணாடியில் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஹஸ்கேல் பார்த்தான். அவன் பார்த்ததை நான் பார்த்தேன்.

“தண்ணி குடிச்சிட்டுப் போங்க,” என்றாள் மில்காபாய் மகாராணி மாதிரி. “சில்லுனு இருக்கும்.”

வண்டியில் ஏறியதும் முகதம் அலுத்துக்கொண்டார். “ஃபிரிட்ஜ் வச்சிருக்கறவ எப்படி ஏழை ஆவா? என் நேரம்தான் வீணாச்சு.”

“நிறுத்துங்க ஸாஹேப்,” என்றான் ஹஸ்கேல். “குடைய அங்கயே விட்டுட்டேன்.”

மார்ச் மாதத்தில் ஏது குடை என்று முகதமுக்குத் தோன்றவில்லை. வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு போகட்டும் என்று சாவியைக் கொடுத்துவிட்டு நானும் இறங்கினேன்.

தெருவில் ஹோலிப் பையன்கள் சாயத்தண்ணீர்ப் பீச்சாங்குழலோடு நின்றார்கள். ஹஸ்கேலின் வெள்ளைச் சட்டை ஒரு நொடியில் ரோஜா நிறமானது. அவன் திட்டவில்லை, பொட்டலங்களை மட்டும் வயிற்றோடு அணைத்துக் காப்பாற்றினான். பின்வாசல் வழியாகப் போய்க் கதவைத் தட்டாமல் இருமினான்.

“யாரு?”

“நான்தான் மில்காபாய், ஹஸ்கேல். ஸிபோரா போளி பண்ணியிருக்கா. வெல்லம் சரியா இருக்கான்னு சந்தேகமாம். உங்கள விட்டா யாரக் கேக்கறதுன்னு குடுத்தனுப்புனா.”

மில்காபாய் அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். கேமரா இல்லை. நான் அவசரமாக வேலியில் படர்ந்திருந்த பூசணிக்கொடியை ஆராய்ந்தேன்.

“ருசி பாக்கத்தானே?”

“ருசி பாக்கத்தான்.”

“அப்படின்னா சரி. அவளுக்கு எப்பவுமே ஏலக்காய் கொஞ்சம் தூக்கல்.” கை வெளியே வந்தது, பொட்டலம் உள்ளே போனது, கதவு மூடியது.

சந்துமுனை திரும்பும்வரை ஹஸ்கேல் எட்டி நடந்தான். திரும்பியதும் என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினான். “குடுத்துட்டேன்! பாத்தீங்கல்ல? வாங்கிக்கிட்டா! இன்னும் ஒண்ணுதான். சூரியன் எங்க இருக்கு?”

சூரியன் கழிமுகத்துத் தென்னைகளின் தலையில் இருந்தது. ஓடினோம்.

முற்றத்தில் எல்லோரும் தங்கள் தங்கள் டப்பாவுக்குக் காவலாக நின்றிருந்தார்கள். முகதம் வாடகைக்காவது இரண்டு ஏழைகளைப் பன்வேலிலிருந்து வரவழைக்கலாமா என்று ஹஸானிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

“ஸார், லைட் போகுது,” என்று கத்தினான் புகைப்படக்காரன். “யாராவது யாருக்காவது ஏதாவது குடுங்க ஸார்! எனக்குக் கடைசி பஸ் இருக்கு!”

முகதம் ஹஸ்கேலைப் பார்த்தார். வியாபாரி அல்லவா, சரக்கு கிடைக்காவிட்டால் வேறு ஏதாவது வாங்கிக்கொண்டு போகலாம் என்ற நிலைக்கு வந்திருந்தார்.

“சரிடா, சண்டை வேணாம். நீ வாங்க வேணாம், நான் குடுக்க வேணாம். கைகுலுக்குற மாதிரி ஒரு படம் எடுத்துக்கலாம். ‘முன்னாள் ஏழைக்குத் தலைவர் வாழ்த்து’ன்னு போட்டுக்கட்டும். எங்க, கையக் குடு.”

பேனரை முதுகில் வாங்கி, தொப்பியைத் தட்டி, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி கையை நன்றாக நீட்டினார்.

ஹஸ்கேல் அந்தக் கையைப் பார்த்தான். மேற்கே திரும்பிச் சூரியனைப் பார்த்தான். மறுபடியும் கையைப் பார்த்தான். அவன் முகத்தில் வந்த வெளிச்சம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பொட்டலத்தை முகதமின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினான்.

“பூரிம் வாழ்த்துகள் ஸாஹேப்.”

க்ளிக்.

“ஏய், ஏய்! என்னடா இது? நான் கை குலுக்கத்தான்... ஹஸான் காகா, இது செல்லாது! நான் ஏழையா?”

ஹஸான் ராஹமீம் கண்ணை மூடி நூல்களையெல்லாம் மனதுக்குள் புரட்டினார். காலையிலிருந்து இல்லாத நிம்மதி அவர் நெற்றியில் படர்ந்தது.

“பூரிமன்னைக்கு ஒருத்தர் கை நீட்டினா குடுக்கணும். நெசமாவே ஏழையான்னு விசாரிக்கக் கூடாது. சட்டம். நீங்க நீட்டினீங்க சாம்சன், அவன் குடுத்தான். செல்லும்.”

யாரோ கிலுகிலுப்பையைச் சுழற்றினார்கள். அப்புறம் எல்லோரும். காலையில் ஆமானுக்குக்கூட அவ்வளவு சத்தம் கிடைக்கவில்லை. முகதம் மற்றவர்களை அடக்கக் கையை உயர்த்தினார். உயர்த்திய கையில் எண்ணெய் கசியும் பொட்டலம் இருந்தது, அதற்கும் ஒரு க்ளிக்.

தலைவரே கை நீட்டிவிட்ட பிறகு எங்களுக்கு என்ன கௌரவம் மிச்சம்? நான்தான் முதலில் நீட்டினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், மூன்றாவதாகத்தான் நீட்டினேன். சர்க்கரை வியாதிக்காரர் வயிற்றுவலிக்காரரிடம் வாங்கினார். வயிற்றுவலிக்காரர் என்னிடம் வாங்கினார். முற்றம் முழுக்கக் கைகள்.

முகதம் இரண்டு டப்பாக்களை அள்ளிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தார். ஒன்றை ஹஸான் வாங்கிக்கொண்டார். இன்னொன்றுக்கு ஆள் இல்லை, எல்லோருடைய கையும் நிறைந்திருந்தது. தென்னைகளுக்குக் கீழே வெறும் சிவப்புக் கீற்றுத்தான் மிச்சம்.

“ஹஸ்கேல்,” என்றார். இந்த முறை குரல் இறங்கியிருந்தது. “கேமராவ அனுப்பிட்டேன்டா. கொஞ்சம் கை நீட்டேன்.”

ஹஸ்கேல் இரண்டு கையையும் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டான்.

“எனக்கு ரெண்டும் ஆச்சு ஸாஹேப். வீட்டுக்குப் போய் அவகிட்டச் சொல்லணும். நீங்க மில்காபாய் வீட்டுக்குப் போங்க, இன்னும் நேரமிருக்கு. கார்ல போகாதீங்க. பின்வாசல் வழியாப் போங்க. போய், உங்க வீட்டுச் சமையல்ல உப்பு சரியா இருக்கான்னு கேளுங்க.”

“உப்பா? எதுக்கு?”

அதற்குள் ஹஸ்கேல் தெருவில் இறங்கிவிட்டான். ரோஜா நிறச் சட்டை பின்னால் பறக்க, வீட்டைப் பார்த்து ஓடினான். முகதம் ஒரு நிமிஷம் யோசித்து நின்றார். பிறகு டப்பாவில் பொறித்திருந்த தன் பெயர் தெரியாதபடி அதன்மேல் கைக்குட்டையைப் போர்த்திக்கொண்டு, அவரும் ஓடினார்.