செருப்புக் கடை மேல் நின்ற கண்ணாடிக் கடை

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. சாப்பாட்டு மேசையில் என் மனைவி சொல்லிக்கொண்டிருந்ததைத் தண்ணீர் ஜாடியை நகர்த்துகிற பாவனையில் ஒவ்வொன்றாக மனதில் குறித்துக்கொண்டேன். அவளுக்கா தெரியாது?

"எழுதப் போறீங்களா?"

"சே சே."

அந்த 'சே சே'தான் இந்தக் கதையின் முதல் பொய். பிறகு பிடிபட்டேன், சமாதானம் பேசினோம். எழுதலாம், ஆனால் ஒவ்வொரு பகுதியையும் அவள் படிப்பாள், வேண்டிய இடத்தில் அடைப்புக்குறி போட்டு எழுதுவாள், நான் அதை அழிக்கக் கூடாது. ஆகவே இனி வரும் அடைப்புக்குறிகளில் பாதி என்னுடையவை அல்ல.

முதல் வரி மூன்று தடவை எழுதினேன்.

காலை வெயில் கடைவீதியின் கூரைகள் மேல் மெல்ல மெல்ல

(விட்டுவிட்டேன். வெயிலுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

வரைபடம் என்பது மனிதன் தன்னைத் தானே தேடிக்கொள்ளும்

(தூங்கிட்டேன்.)

இது அவள் எழுதியது. மூன்றாவது: ஒரு படத்துக்குத் தப்பான மூலையில் ஆணி அடித்ததால் ஒன்பது வருடமாகப் பேசாத அண்ணன் தம்பிக்கு நடுவே ஆட்கள் போய்வர ஆரம்பித்தார்கள். இது போதும். இதற்கு மேல் அலங்காரம் பண்ணினால் பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகிவிடும்.

2

அவளை இனி வரைபடக்காரி என்று சொல்கிறேன். மனைவி என்று எழுதினால் அடைப்புக்குறிகள் கூடிவிடுகின்றன.

வரைபடக்காரிக்கு ஒரு லேத் பட்டறையின் மாடியில் ஆபீஸ். மூன்று மேசை, சாத்தினாலும் சாத்தாத ஒரு ஜன்னல், கீழே யாராவது இரும்பைக் கடைந்தால் மேலே தேநீர்க் கோப்பை நடனமாடும். கடைவீதி வியாபாரிகள் சங்கத்துக்காக அவள் இணையத்தில் ஒரு வரைபடம் செய்துகொண்டிருந்தாள். நாற்பத்து மூன்று கடை. ஒவ்வொரு கடையின் மேலும் அதன் முகப்புப் படம். விரலால் வரைபடத்தைக் கிள்ளிப் பெரிதாக்கலாம், தள்ளலாம், சுருக்கலாம். படங்களும் திரைக்குத் தக்கபடி அளவு மாறிக்கொள்ளும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

இப்போது அந்த ஆணி. ஒரு படத்தை வரைபடத்தில் வைப்பது சுவரில் காலண்டர் மாட்டுவது மாதிரிதான். கடை இருக்கும் புள்ளியில் ஆணி. படத்தின் எந்த இடத்தில் அந்த ஆணி இறங்க வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும். படத்தின் அடி நடுவில் இறங்கினால் படம் கடையின் மேல் காலூன்றி நிற்கும். ஒன்றுமே சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு இடது மேல் மூலையில் அடித்துவிடும். அப்போது படம் முழுக்க வலப்பக்கம் கீழே தொங்கும்.

(கம்ப்யூட்டர் இஷ்டத்துக்கு எதுவும் பண்ணல. நான் சொல்ல மறந்துட்டேன். மாத்தி எழுதுங்க.)

மாற்றவில்லை. அவளே சொல்லிவிட்டாளே.

கிட்டே போய்ப் பார்த்தால் இந்தத் தப்பு தெரியாது. தெரு ஆறு மாதிரி அகலமாக இருக்கும். படம் அதன் இக்கரையிலேயே அடங்கிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால்தான் வம்பு. தெரு நூலாக இளைத்துவிடும், திரைக்குத் தக்கபடி மாறுகிற படம் தூரத்துக்குத் தக்கபடி தன் உடம்பைக் குறைக்காது. ஒரே தாண்டாகத் தாண்டி எதிர்வரிசையில் போய் உட்காரும். ஆபீசில் பெரிய திரை; வரைபடம் அதில் கடைவீதி கிட்டே தெரியும்படி திறந்தது. ஊரார் கையில் போன். சின்னத் திரையில் மொத்தக் கடைவீதியும் அடங்க வேண்டும் என்று தூரத்திலிருந்து திறந்தது. வரைபடக்காரி பெரிய திரையில் மட்டும் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை காலை வரைபடத்தை வெள்ளோட்டம் விட்டாள்.

3

அண்ணன் தம்பி.

இடது வரிசையில் வரைபடக்காரியின் அப்பாவுடைய மூக்குக்கண்ணாடிக் கடை. வலது வரிசையில், ஒரு கடை தள்ளி, சித்தப்பாவின் செருப்புக் கடை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் சித்தப்பா ஒருநாள் வேறொரு கடையில் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அண்ணன் கண்ணாடிக் கடை வைத்திருக்கும்போது! அப்பா மறுநாள் வேறொரு கடையில் செருப்பு வாங்கி, தம்பியின் கடை வாசலில் இரண்டு தடவை நடந்து காட்டினார்.

சித்தப்பாவைக் கேட்டால் வரிசை தலைகீழ்: அண்ணன்தான் முதலில் வேறு கடைச் செருப்பு போட்டது, கண்ணாடி அதற்குப் பதில். இது யார் கையாலும் தீராத வழக்கு.

* நான் மருமகன். போட்டிருக்கும் கண்ணாடி மாமனார் கடையுடையது, செருப்பு சின்ன மாமனார் கடையுடையது. தலையும் காலும் பேசிக்கொள்ளாத உடம்பை ஒன்பது வருடமாகச் சுமந்து திரிகிறேன். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். வீடு ரெண்டுபட்டால் எழுத்தாளனுக்கு என்று இப்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

(ஒன்பது வருஷமா எங்கப்பா எந்தச் சாப்பாட்டு மேசையிலயும் வாசலைப் பாத்துத்தான் உக்காருவாரு. அதையும் எழுதுங்க. எல்லாம் சிரிப்பு இல்ல.)

எழுதிவிட்டேன்.

4

திங்கள் மதியம் சித்தப்பா போன் பண்ணினார்.

"ஏம்மா, என் கடை எங்க இருக்கு?"

"இருக்கிற எடத்துலதான் சித்தப்பா இருக்கு."

"மேப்புல பாரு. பின்தெரு கக்கூசு மேல இருக்கு."

வரைபடக்காரி பெரிய திரையைப் பார்த்தாள். "இங்க சரியாத்தான் இருக்கு சித்தப்பா."

"உன் மேசையில சரியா இருந்தா ஆச்சா? செருப்பு வாங்க வர்றவன் உன் மேசைக்கா வருவான்?"

அவள் தன் போனை எடுத்துத் திறந்தாள். நாற்பத்து மூன்று கடையும் சொல்லிவைத்தாற்போல எழுந்து வலப்பக்கம் குடிபெயர்ந்திருந்தன. பல் டாக்டரின் சிரித்த முகம் லேத் பட்டறை மேல், அதாவது அவள் தலைக்கு மேல். சங்கச் செயலாளரின் பேக்கரி தண்ணீர்த் தொட்டிக்குள். செருப்புக் கடை கக்கூசு மேல் ஏறிப்போனதால் காலியான இடத்தில்...

"என் எடத்துல ஒரு கடை நிக்குதே, அது யாருது?" என்றார் சித்தப்பா, தெரியாதவர் போல.

"அப்பா கடை சித்தப்பா."

எதிர்முனையில் ஒரு செருப்பு டப்பா மூடும் சத்தம் கேட்டது.

"காலையிலேர்ந்து நாலு பேரு வந்து எங்கிட்ட கண்ணாடி கேக்குறாங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

* 'எதிரே பெரிதாகப் பலகை இருக்கிறதே, அதைப் படிக்க மாட்டார்களா?' என்று நான் கேட்டேன். கண்ணாடிக் கடையைத் தேடி வருகிறவர்களுக்குப் பலகை தெரிந்தால் அவர்கள் ஏன் கண்ணாடிக் கடையைத் தேடி வருகிறார்கள் என்றாள்.

அடுத்த போன் செயலாளருடையது. "வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் திறப்பு விழா. என் பேக்கரி தொட்டிக்குள்ள கெடக்கு. அதுக்குள்ள வெளிய எடுத்துருவியாம்மா? கேக்கெல்லாம் ஊறிப் போயிடும்."

"எடுத்துடுறேன் சார்."

அரை மணி நேரத்தில் தப்பைக் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரே ஒரு வரி. நாற்பத்து மூன்று வரி அடித்தால் எல்லாக் கடையும் வீடு திரும்பிவிடும்.

5

செவ்வாய்க்கிழமை அந்த வரிகளை அடிக்க உட்கார்ந்தவளுக்கு அப்பாவிடமிருந்து போன். கடைக்கு வா என்றார். விஷயம் என்ன என்று சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கிற முகத்தை வழியிலேயே தயார் பண்ணிக்கொண்டு போனாள்.

கடையில் ஒரு ஆள் எழுத்துப் பலகை முன்னால் உட்கார்ந்திருந்தார். அப்பா கண்ணைச் சோதிப்பதை விட்டுவிட்டுக் குறுக்கு விசாரணை நடத்திக்கொண்டிருந்தார்.

"எதிர்க் கடையில கேட்டுட்டா வந்தீங்க?"

"ஆமாங்க. போன்ல அங்கதான் காட்டிச்சு."

"அவரு என்ன சொன்னாரு?"

"'எதிர்ல'ன்னாரு."

"அவ்வளவுதானா? கையக் காட்டுனாரா, தலைய ஆட்டுனாரா?"

"எனக்குத்தான் தெரியாதேங்க. கண்ணாடி வாங்கத்தான வந்திருக்கேன்?"

வரைபடக்காரி மன்னிப்பைக் கேட்காமலே திரும்பிவிட்டாள். புதன்கிழமை ஒரு சாக்கு வைத்து மறுபடி போனாள். அன்றைய ஆள், 'அந்தக் கண்ணாடிக்காரர்கிட்ட போங்க, லென்சு நல்லா போடுவாரு' என்று எதிர்க் கடையில் சொன்னதாகச் சொன்னார். அப்பா ஒரே கண்ணாடியை மூன்று தடவை துடைத்தார்.

இந்த இடத்தில் எனக்குச் சித்தப்பா மேல் சந்தேகம் வந்தது. ஒரு மனிதர் இரண்டு நாளில் இவ்வளவு இளகுவாரா? செருப்பு வாங்காத கூட்டம் வாசலை அடைக்கிறதே என்று புகழ்ந்து தள்ளிவிட்டிருக்கலாம். அவரைக் கொஞ்சம் கெட்டவராக்கி ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். சித்தப்பா கடுகடுத்த முகத்துடன், ஒழியட்டும் என்று

(அடிச்சிடுங்க. வியாழக்கிழமைய எழுதுங்க.)

வியாழக்கிழமை. ஒரு பெண், கையில் போன், கண்ணைச் சுருக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அப்பா கேட்பதற்கு முன்னாலேயே அவளே சொன்னாள். "செருப்புக் கடைக்காரர் அனுப்புனாரு. 'எதிர்ல எங்கண்ணன் கடை இருக்கு, அங்க போங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க'ன்னாரு."

அப்பா கையிலிருந்த அளவுகோலைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தடவ சொல்லும்மா."

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க..."

"அது இல்ல. அதுக்கு முன்னால."

வரைபடக்காரி வெளியே வந்து படியில் நின்று அழுதாள். (அழல. கண்ணுல தூசி.) அழுதாள். ஆபீசுக்குப் போய் நாற்பத்திரண்டு வரியை அடித்து ஏற்றிவிட்டாள். பேக்கரி தொட்டியிலிருந்து கரையேறியது, பல் டாக்டர் அவள் தலையிலிருந்து இறங்கினார், சித்தப்பாவின் கடை கக்கூசிலிருந்து இறங்கி வந்து தன் இடத்திலேயே அப்பா கடையோடு நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. நாற்பத்து மூன்றாவதான அப்பா கடையின் வரியை அடித்தாள், ஏற்றவில்லை.

இதே பெண், ஒரு கிணறு நாலு மீட்டர் தள்ளி விழுந்துவிட்டது என்பதற்காக மொத்த வரைபடத்தையும் திரும்பப் போட்டவள். பொய் என்று தெரிந்தே ஒரு படத்தை வரைபடத்தில் விட்டுவைப்பது அவளுக்குக் கல்லையும் சோற்றையும் கலந்து தின்பது மாதிரி. ஆனால் அந்த வரி ஏறினால் நாளையிலிருந்து ஒருவரும் செருப்புக் கடையில் போய்க் கண்ணாடி கேட்க மாட்டார்கள். 'எங்கண்ணன்' என்று சொல்லச் சித்தப்பாவுக்கு ஒரு காரணமும் இருக்காது.

6

முடிவு. படமே திரைக்குத் தக்கபடி மாறும்போது முடிவு மாறக் கூடாதா என்று இரண்டு எழுதிவைத்தேன்.

பெரிய திரையில் படிப்பவர்களுக்கு: நடுத்தெருவில் அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். இருபக்கமும் வண்டிகள் நிற்கின்றன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

(எங்கப்பாவா? கட்டிப்பிடிக்கிறதா? கல்யாணத்தன்னிக்கு எனக்கே கைதான் குடுத்தாரு.)

போனில் படிப்பவர்களுக்கு: ஏற்றிவிட்டாள்.

(அவ்வளவுதானா? போன்ல படிக்கிறவங்க மனுஷங்க இல்லையா?)

இரண்டையும் கிழித்தாயிற்று. நடந்ததை எழுதுகிறேன்.

7

வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணி. வரைபடக்காரி லேப்டாப்பை அப்பா கடை மேசையில் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு வரி திரையில் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

எதிரே ஒரு தையல்கார அம்மாவை அவருடைய மகள் போனைப் பார்த்துச் செருப்புக் கடை வாசலில் இறக்கிவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று ஓடிவிட்டாள். அம்மாவின் கண்ணாடி இரண்டாக உடைந்து கைப்பையில் கிடந்தது. 'எதிர்ல' என்றால் அவருக்கு எது எதிர்? தெருவில் வண்டிகள் வேறு. சித்தப்பா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அனுப்ப ஆள் இல்லை. கடைசியில் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

ஒன்பது வருடமாக மிதிக்காத வாசல். ஒரு கால் உள்ளே, ஒரு கால் படியில்.

அப்பா நிமிர்ந்தார். "என்ன வேணும்?"

"இவங்களுக்குக் கண்ணாடி."

அப்பா அந்த அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு தம்பியின் மூக்கில் இருந்ததைப் பார்த்தார். அதே பழைய கண்ணாடி, ஒரு பக்கம் நூல் சுற்றியிருந்தது.

"உனக்கு?"

சித்தப்பா தலை குனிந்து அண்ணனின் காலைப் பார்த்தார். வேற்றுக் கடைச் செருப்பு, குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்து, அண்ணன் நடையே கோணியிருந்தது.

"மொதல்ல நீ அந்தச் செருப்பக் கழட்டுண்ணே."

"என்னையும் யாராவது பாருங்கப்பா," என்றார் தையல்கார அம்மா, சுவரைப் பார்த்து.

8

அதற்குப் பிறகு அவள் அந்த வரியை ஏற்றினாளா?

கேட்டேன். "மேப்பைத் தெறந்து பாருங்க" என்றாள். பார்த்தேன். எனக்குத் தெரியும், சொல்லப் போவதில்லை. எழுத்தாளனாக இதில் எனக்கு ஒரு திருட்டுத்தனமான சந்தோஷம் இருப்பதை மறைக்கவில்லை.

வேண்டுமானால் நீங்கள் வந்து அந்த நாற்காலியில் உட்காருங்கள். லேப்டாப் திறந்திருக்கிறது. ஏற்றினால் வரைபடத்தில் ஒரு பொய்யும் மிச்சமிருக்காது. இனி அந்த இரண்டு பேரும் வேறு யாரும் கேட்காமலே தெருவைத் தாண்ட வேண்டும். ஏற்றாவிட்டால் தாண்டுவதற்கு ஒரு சாக்கு இருக்கும். செயலாளர் தன் பேக்கரியை மட்டும்தான் பார்ப்பார்.

(பத்தாக ரெண்டு நிமிஷம் இருந்தது. அவ்வளவுதான் நான் சொல்வேன்.)

பத்தாக இரண்டு நிமிடம் இருக்கிறது. விரல் உங்களுடையது. அவசரம் இல்லை, அப்பா இன்னும் செருப்பைக் கழட்டிக்கொண்டுதான் இருக்கிறார். வார் ஒன்று சிக்கிக்கொண்டது. சித்தப்பா குனிந்து அதை எடுத்துவிடுகிறார்.