வாலற்றவை நீந்திய காலை

சிங்கப்பூரின் கிளமெண்டி ஆய்வுக்கூடத்தில் நஸீஹாவுக்கு அது முனைவர் படிப்பின் நான்காம் ஆண்டு. பாக்டீரியா ஒரு பரப்பைத் தொட்டதை எப்படி உணர்கிறது, எப்போது அங்கேயே ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. நீந்துவதற்குத்தான் வால் வேண்டும், உணர்வதற்கு வேண்டாம் என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். மரபணுவை நீக்கி வாலில்லாமல் ஆக்கியவையும் கண்ணாடியில் ஒட்டின. கட்டுரை வெளியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அத்தா, மகள் பெயர் அச்சான அதன் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு, புக்கிட் பாஞ்சாங் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். நீந்தக் கூடாதவற்றில் சில நீந்திக்கொண்டிருந்தன.

வாலற்றவை என்று உறையவைத்திருந்த மூலக்குப்பியை எடுத்து மூன்று நாள் சோதித்தாள். ஆரம்பத்திலிருந்தே அதில் வாலுள்ளவையும் கலந்திருந்தன. கண்ணாடியில் ஒட்டியவை அவைதாம். குப்பியின் மேல் இருந்தது அவளுடைய கையெழுத்து.

அவள் சொன்னதைக் கேட்டதும், அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் ரத்னவேல் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"பேப்பர் வந்தாச்சு லா. அடுத்த மாசம் தீசிஸ் கொடுக்கணும். இப்ப இதைக் கிளப்பினா நஷ்டம் உனக்குத்தான்."

"திவ்யா என் ரிசல்ட்டை நம்பித்தானே ப்ரொஃப் ரெண்டு வருஷமா செய்றா? அவளுக்கு ரிசல்டே வரல."

அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சொன்னால் தன் நான்கு வருடம் போச்சு. சொல்லாவிட்டால், அவளுக்குப் பிறகு ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த மாணவி திவ்யாவின் படிப்பே போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா சாப்பாட்டுக் கடையில் திவ்யாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். திவ்யா தோசைத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"என் கைதான் சரியில்லன்னு நெனச்சேன் அக்கா. உங்ககிட்டயே வந்து அழுதேனே."

"மன்னிச்சிடும்மா. எனக்கே இப்பதான் தெரியும்."

திவ்யா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் நஸீஹா, கட்டுரையை வெளியிட்ட இதழுக்குத் தவற்றைச் சொல்லி எழுதினாள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. வாலற்றவை மட்டுமே உள்ள புதுக் குப்பி தயாரித்து முதலிலிருந்து எல்லாம் செய்ய ஓராண்டு. உதவித்தொகை ஆறு மாதத்தில் நின்றுவிடும். ரத்னவேல் மின்னஞ்சலில் மட்டும் பேசினார். விட்டுப் போகவும் முடியாது, நிம்மதியாக இருக்கவும் முடியாது.

அறையில் இருந்தது ஒரே நுண்ணோக்கி. காலையில் திவ்யா, மதியம் நஸீஹா. மூன்று வாரம் இருவரும் பேசாமல் நாற்காலி மாறினார்கள். நான்காம் வாரம், எழுந்த திவ்யா கதவருகே நின்றாள்.

"புதுக் குப்பில எதுவும் நீந்தல. கண்ணாடியிலயும் ஒட்டல. நான் ரெண்டு தடவ பாத்துட்டேன்," என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

"சரிம்மா," என்றாள் நஸீஹா. கதவு மூடிக்கொண்டது.