சீட்டு எடுக்காத பிள்ளை

நாலாம் வகுப்பு டீச்சருக்குப் புது யோசனை ஒன்று வந்துவிட்டால் யார் சொன்னாலும் கேட்கமாட்டார். இந்த முறை வந்தது கறுப்பினக் கணித மேதைகள். தாடி வைத்த வெள்ளைக்காரக் கிழவர்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் கணக்கே போட்டதில்லை என்பதுபோல் எல்லாப் புத்தகமும் இருக்கிறதே என்ற எரிச்சல் அவருக்கு ரொம்ப நாளாக உண்டு. பதினெட்டுப் பிள்ளைகளுக்குப் பதினெட்டுப் படம் ஒட்டினார். நட்சத்திரங்களைக் கணித்துப் பஞ்சாங்கம் போட்ட பழைய காலத்து மனிதர், ராக்கெட் போகும் பாதையைக் கணக்கிட்ட அம்மாள், இன்றைக்கும் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர்கள் என்று சுவர் நிறைந்துவிட்டது. சனிக்கிழமை பெற்றோர் வரும்போது ஆளுக்கொரு படத்தருகே நின்று, அந்தப் படத்தில் இருப்பவராகவே பேசவேண்டும்.

யாருக்கு எந்தப் படம் என்று சண்டை வரக்கூடாதே என்று சீட்டுக் குலுக்கினார். ஒவ்வொருவராக வந்து எடுத்தார்கள். வகுப்பிலேயே கறுத்த பிள்ளை, கணக்கிலோ யாரும் கிட்டே நெருங்க முடியாத கெட்டி, 'மின்னல்' என்று டீச்சரே செல்லப்பெயர் வைத்த பெண், ஆசையாக டப்பாவுக்குள் கையை விடப்போனாள். டீச்சர் தடுத்தார்.

"நீ எடுக்க வேணாம் கண்ணு. ராக்கெட் அம்மாவ உனக்குன்னே எடுத்து வச்சிருக்கேன். உனக்குத்தான் அப்படியே பொருந்தும்."

"ஆமா டீச்சர், ரெண்டு பேரும் ஒரே கலரு!" என்றது பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

வகுப்பே சிரித்தது. டீச்சர் ஓர் அதட்டு அதட்டினார். அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! "கறுப்பா இருந்தா என்ன? எவ்வளவு கெட்டிக்காரி பாருங்க" என்று வேறு சொல்லித் தொலைத்தார்.

மணி அடித்ததும் மின்னல் மேசையருகே வந்து நின்றாள்.

"டீச்சர், நான் கணக்கு நல்லாப் போடுறதுக்காகத்தானே குடுத்தீங்க?"

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? டீச்சர் மேசைமேல் கிடந்த சீட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். முந்தின நாள் அந்தப் படத்தைக் கத்தரிக்கும்போது அவர் மனதில் வந்தது இவளுடைய முகம்தான், மதிப்பெண் அல்ல. "ஆமாடா" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

சனிக்கிழமை ஒரு சொல் பிசகாமல் பேசினாள். எல்லோரும் கைதட்டினார்கள். பஸ் ஓட்டும் அவள் அப்பா சீருடையோடு ஓடிவந்திருந்தார். "வீட்ல கணக்கு கணக்குன்னு உயிர விடுறா டீச்சர். நீங்கதான் இவள ஆளாக்கணும்" என்றார். டீச்சருக்கு எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

அடுத்த வாரம் கணக்குத் தேர்வு, பத்துக் கேள்வி. மின்னலின் தாளில் பத்தும் தப்பு. நம்ப முடியாமல் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு விடைக்கும் அடியில் ரப்பரால் அழித்த தடம். அழித்த பத்தும் சரியான விடை.

"ஏன் கண்ணு இப்படிப் பண்ணே?"

"நல்லாப் போட்டா எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாக்குறாங்க டீச்சர்."

டீச்சர் அழுதார். தன் மேல்தான் தப்பு என்று அந்தச் சின்னப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றாள். "நான் போகட்டுமா டீச்சர்?" என்றாள்.

அரையாண்டுக் கணக்குத் தேர்விலும் எல்லாமே தப்பு. டீச்சர் தாளை மறுபடி ஜன்னலுக்குக் கொண்டுபோனார். இந்தமுறை எங்கேயும் அழித்த தடம் இல்லை.